இருவராய் ஒரு தீவுப் பயணம்: இதய நோயும் நீரிழிவும் உள்ள தம்பதியர் அறிய வேண்டியவை

புறநோயாளர் பிரிவில் ஒருநாள் முற்பகல், ஒரு கணவனும் மனைவியும் என் எதிரே அமர்ந்திருந்தனர். கணவருக்கு வயது 58. எட்டு மாதங்களுக்கு முன் மாரடைப்பு ஏற்பட்டு, ஆஞ்சியோபிளாஸ்டி செய்து, ஒரு ஸ்டென்ட் பொருத்தப்பட்டவர். மனைவிக்கு வயது 53. பன்னிரண்டு ஆண்டுகளாக நீரிழிவு நோய். நாள்தோறும் இரண்டு வேளை இன்சுலின் போட்டுக்கொள்பவர்.

“பையன் டிக்கெட் எடுத்துவிட்டான், டாக்டர். அந்தமானுக்கு ஆறு நாள். கல்யாணமாகி முப்பது வருஷம் ஆகிறது. நாங்கள் இரண்டு பேர் மட்டும் தனியாக எங்கேயும் போனதே இல்லை. இவரைக் கூட்டிக்கொண்டு போகலாமா?” என்று அந்த அம்மையார் கேட்டார்.

“எனக்கு இப்போது ஒன்றும் இல்லை, டாக்டர். இவளுக்குத்தான் சர்க்கரை ஏறி இறங்குகிறது. இவளைக் கேளுங்கள்” என்றார் கணவர்.

ஒருவர் மற்றவருக்காக அஞ்சினார்; தமக்காக இருவருமே அஞ்சவில்லை. இத்தகைய தம்பதியரை நாங்கள் அடிக்கடி சந்திக்கிறோம். சிலர் எங்களைக் கேளாமலே புறப்பட்டுவிடுகின்றனர். வேறு சிலர், கேட்டால் மருத்துவர் தடுத்துவிடுவார் என்று அஞ்சிப் பயணத்தையே கைவிடுகின்றனர். இரண்டும் தேவையற்றவை. நோய் கட்டுப்பாட்டில் இருந்து, முன்னேற்பாடும் சரியாக இருந்தால், பெரும்பாலோர் தீவுப் பயணம் சென்று நலமாகத் திரும்ப இயலும். அந்தத் தம்பதியரிடம் பேசியவற்றையும், பேச மறந்து பின்னர் பேசியதையும், அவர்களுடைய இசைவுடன் இங்கே எழுதுகிறேன். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.

தீவுக்கு ஏன் தனிக் கவனம்?

சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பயணம் செய்தால் போர்ட் பிளேயரை அடையலாம். 2024 முதல் அந்நகரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம். ஆனால் பயணிகளில் பெரும்பாலோர் அங்கேயே தங்குவதில்லை. ஹேவ்லாக் என்று அறியப்பட்ட சுவராஜ் தீவுக்கும், நீல் என்று அறியப்பட்ட ஷாகித் தீவுக்கும் படகில் செல்கின்றனர். அதற்குக் கடல்வழியில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். அச்சிறு தீவுகளில் கிடைப்பது அடிப்படைச் சிகிச்சை மட்டுமே. பெரிய அரசு மருத்துவமனையான கோவிந்த் வல்லப் பந்த் மருத்துவமனை ஸ்ரீ விஜயபுரத்தில் இருக்கிறது. உயர்சிகிச்சை தேவைப்படுவோர் அங்கிருந்தும் சென்னைக்கோ கொல்கத்தாவுக்கோ அனுப்பப்படுவது உண்டு.

மாலத்தீவிலும் இதே நிலைதான். ஏறக்குறைய 1,190 பவளத் தீவுகள் கொண்ட நாடு அது. தொலைவில் உள்ள விடுதித் தீவுகளுக்குக் கடல் விமானத்தில் செல்வார்கள். கடல் விமானங்கள் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். இரவில் நெஞ்சுவலி வந்தால் படகுதான் வழி.

ஆகவே, “போகலாமா?” என்ற கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது. நம் ஊரில் அரை மணி நேரத்தில் கிடைக்கும் சிகிச்சை, அங்கே கிடைக்கப் பல மணி நேரம் ஆகலாம். கடல் கொந்தளித்தால் மறுநாள்கூட ஆகலாம். அந்த இடைவெளியைத் தாங்கும் நிலையில் உங்கள் உடல் இருக்கிறதா? இதற்கு விடை கண்ட பின்னரே பயணச்சீட்டு எடுக்க வேண்டும்.

பருவத்தையும் கருத வேண்டும். அந்தமானில் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அதன் பின்னர் வடகிழக்குப் பருவமழை. ஜனவரி முதல் ஏப்ரல் வரை கடல் பொதுவாக அமைதியாக இருக்கும். படகுச் சேவை தடைப்படும் வாய்ப்பு அக்காலத்தில் குறைவு என்பதால், நோயாளிகளுக்கு அதுவே ஏற்ற பருவம்.

இதய நோயாளர்: எப்போது புறப்படலாம்?

சிக்கலில்லாத மாரடைப்புக்குப் பிறகு ஓரிரு வாரங்களிலேயே பலர் விமானத்தில் பறக்க அனுமதிக்கப்படுவது உண்டு. ஆனால் வீடு திரும்புவதற்கான விமானப் பயணம் வேறு; மருத்துவ வசதி குறைந்த தீவுக்கு உல்லாசப் பயணம் வேறு. பின்னதற்குக் குறைந்தது ஆறு முதல் எட்டு வாரங்களாவது காத்திருக்குமாறு நான் அறிவுறுத்துகிறேன். இதயத்தின் இயக்கத் திறன் குறைந்தவர்களும், மூச்சிரைப்போ கால்வீக்கமோ உள்ளவர்களும், அண்மையில் மருந்தின் அளவு மாற்றப்பட்டவர்களும் இன்னும் பொறுத்திருக்க வேண்டும்.

புறப்படுவதற்கு ஏறக்குறைய நான்கு வாரங்களுக்கு முன் மருத்துவரைப் பாருங்கள். இசிஜி, தேவைப்பட்டால் எக்கோ, சிலருக்கு டிரெட்மில் பரிசோதனை ஆகியவை செய்யப்படும். வீட்டிலேயே செய்துபார்க்கக்கூடிய எளிய சோதனை ஒன்றும் உண்டு. நெஞ்சில் இறுக்கமோ மிகுந்த மூச்சிரைப்போ இல்லாமல், இரண்டு மாடிப் படிகளைச் சற்று விரைவாக ஏற முடிகிறதா என்று கவனியுங்கள். முடியவில்லை என்றால், பயணத்துக்கு முன் அதற்கான காரணத்தைக் கண்டறிய வேண்டும்.

அந்த ஐயாவிடம், “படி ஏறினால் எப்படி இருக்கிறது?” என்று கேட்டேன். “மூன்றாவது மாடியில்தான் குடியிருக்கிறோம். லிஃப்ட் பாதி நாள் ஓடாது” என்றார். அவருடைய எக்கோவும் டிரெட்மில் பரிசோதனையும் திருப்தியாக இருந்தன. “போய் வாருங்கள்” என்றேன். மனைவியின் முகம் மலர்ந்தது.

மருந்துப் பை: இரண்டு பேருக்கும் இரண்டு பைகள்

ஸ்டென்ட் பொருத்தியவர்களுக்கு இரத்தம் உறைவதைத் தடுக்கும் இரண்டு மாத்திரைகள் தரப்படுகின்றன. ஆஸ்பிரின் ஒன்று; குளோபிடோகிரெல், டிகாகிரெலார் போன்றவற்றுள் ஒன்று மற்றொன்று. மாரடைப்புக்குப் பிறகு பெரும்பாலோருக்கு ஓராண்டு வரை இவ்விரண்டும் தொடரும். இவற்றை நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள் இரத்தம் உறைந்து மீண்டும் மாரடைப்பு வரலாம். பயணப் பெட்டி தொலைந்து, இரண்டு நாள் மாத்திரை இல்லாமல் இருப்பது சிறிய தொல்லை அன்று, உயிருக்கே ஆபத்து.

எனவே கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடியுங்கள்.

1. பயண நாட்களுக்குத் தேவையானதைப் போல் இரு மடங்கு மருந்து எடுத்துச் செல்லுங்கள். பாதியைக் கணவரின் கைப்பையிலும் பாதியை மனைவியின் கைப்பையிலும் வையுங்கள். விமானத்தின் சரக்கு அறைக்குச் செல்லும் பெட்டியில் எதையும் வைக்காதீர்கள்.

2. மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்துத் தாளில் மடித்து வைக்க வேண்டா. பெயர் தெரிந்தால்தான் அங்குள்ள மருத்துவர் உதவ முடியும்.

3. மருந்துச் சீட்டு, டிஸ்சார்ஜ் சுருக்கம், கடைசி இசிஜி ஆகியவற்றின் நகலை எடுத்துச் செல்லுங்கள். கைப்பேசியிலும் படம் எடுத்து வையுங்கள். இன்சுலின் ஊசிகளை விமான நிலையச் சோதனையில் காட்டவும், வெளிநாட்டில் மருந்துகளுக்குச் சான்று காட்டவும் மருந்துச் சீட்டு தேவைப்படும்.

4. பயணக் காப்பீடு எடுக்கும்போது இருக்கும் நோய்களை மறைக்காமல் குறிப்பிடுங்கள். மறைத்தால் காப்பீட்டுத் தொகை மறுக்கப்படலாம்.

5. எல்லாவற்றிலும் முதன்மையானது இது: கணவரின் மாத்திரைகள் எவை, எதற்கு என்று மனைவிக்குத் தெரிய வேண்டும், மனைவியின் இன்சுலின் அளவு கணவருக்குத் தெரிய வேண்டும். நம் இல்லங்களில் முன்னது ஓரளவு உண்டு. பின்னது மிகவும் அரிது. அந்த ஐயாவுக்குக் குளுக்கோமீட்டரைப் பயன்படுத்தத் தெரியவில்லை. எங்கள் செவிலியர் அன்றே பத்து நிமிடத்தில் அதைக் கற்றுக்கொடுத்தார்.

இன்சுலினும் தீவின் கடிகாரமும்

திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் வைக்க வேண்டும். பயன்படுத்தத் தொடங்கிய இன்சுலின், 30 டிகிரிக்குக் கீழ் ஏறக்குறைய நான்கு வாரங்கள் வீரியம் குறையாமல் இருக்கும். கடற்கரை மணலில், வெயிலில் கிடக்கும் பைக்குள் வெப்பம் இதைவிடப் பல டிகிரி உயர்ந்துவிடும். வெப்பத்தைத் தடுக்கும் சிறு பையில், பனிக்கட்டி நேரடியாகப் படாதவாறு வையுங்கள். விடுதி அறையின் சிறிய குளிர்பெட்டியில் உறைவிப்பான் பகுதியை ஒட்டி வைக்காதீர்கள். ஒருமுறை உறைந்த இன்சுலினைப் பயன்படுத்தக் கூடாது. உருகிப் பழைய நிலைக்கு வந்தாலும் எறிந்துவிட வேண்டும்.

அந்தமானில் கடிகாரம் நம் கடிகாரமேதான், சூரியன்தான் வேறு. இந்திய நேரத்தையே பின்பற்றினாலும் அத்தீவுகள் கிழக்கே வெகு தொலைவில் இருப்பதால், சென்னையைவிட ஏறக்குறைய 50 நிமிடம் முன்னதாக விடிகிறது. டிசம்பரில் மாலை ஐந்து மணி அளவிலேயே இருட்டிவிடும். ஆகவே சுற்றுலா நிகழ்ச்சிகள் அதிகாலையிலேயே தொடங்குகின்றன. பாராட்டாங் தீவின் சுண்ணாம்புக் குகைகளைப் பார்க்க விரும்புவோர், விடியுமுன்பே அறையை விட்டுப் புறப்பட வேண்டும். வழியில் ஜாரவா பழங்குடியினரின் காப்புப் பகுதியை வாகன அணியாகக் கடக்க வேண்டும். அங்கே நினைத்த இடத்தில் வண்டியை நிறுத்தி உண்ண இயலாது. இன்சுலின் போட்டுக்கொண்டு, காலை உணவு தள்ளிப்போனால் என்ன ஆகும் என்பதை நீரிழிவு உள்ளவர்கள் அறிவார்கள்.

விதி எளியது: உணவு கண் முன்னே வந்த பிறகே இன்சுலின். உங்களுடையது உணவுக்கு அரை மணி நேரம் முன் போட வேண்டிய வகையாக இருந்தால், பயண நாட்களில் எப்படிப் போடுவது என்று மருத்துவரிடம் முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மாலத்தீவின் தலைநகர் மாலேயில் நேரம் நம்மைவிட அரை மணிதான் பின்தங்கியது. அதற்காக இன்சுலின் நேரத்தை மாற்ற வேண்டியதில்லை.

வாந்தி எடுத்தால் என்ன செய்வது?

படகுப் பயணத்தில் குமட்டல் இயல்பு. படகின் நடுப்பகுதியில் அமர்ந்து, தொலைவில் உள்ள அடிவானத்தை நோக்கினால் குறையும். குமட்டலைத் தடுக்கும் மாத்திரைகள் உண்டு. அவற்றைப் புறப்படுவதற்கு முன்பே விழுங்க வேண்டும். சில மாத்திரைகள் தூக்கத்தை உண்டாக்கும்; புராஸ்டேட் வீக்கமும் கண்ணழுத்த நோயும் உள்ளவர்களுக்குத் தீங்கு செய்யக்கூடும். ஆகவே மருத்துவரைக் கேட்டே வாங்குங்கள்.

வாந்தியோ வயிற்றுப்போக்கோ தொடர்ந்தால் சில மருந்துகளைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டும். மெட்ஃபார்மின் அவற்றுள் ஒன்று. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற, சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் மாத்திரைகளும் அவ்வகையின. உடலில் நீர் வற்றியிருக்கும்போது இவை ஆபத்தை விளைவிக்கலாம். சிறுநீர் பெருக்கும் மாத்திரைகளையும், சில இரத்த அழுத்த மாத்திரைகளையும் குறித்து மருத்துவரைத் தொலைபேசியில் கேளுங்கள். ஆனால் நெடுநேரம் செயல்படும் அடிப்படை இன்சுலினை முற்றிலும் நிறுத்திவிடக் கூடாது. அளவைக் குறைப்பதா என்பதை மருத்துவரே முடிவு செய்வார்.

தாழ்சர்க்கரை நிலையை எப்படி அறிவது? வியர்வை, நடுக்கம், படபடப்பு, பசி, எரிச்சல், பேச்சில் குழப்பம் ஆகியவை அறிகுறிகள். குளுக்கோமீட்டர் 70-க்குக் கீழ் காட்டினால், 15 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். ஏறக்குறைய மூன்று தேக்கரண்டி. 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். ஏறவில்லை என்றால் மறுபடியும் கொடுங்கள். சரியான பிறகு பிஸ்கட்டோ வேறு உணவோ தர வேண்டும். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். உடனே மருத்துவ உதவியை நாடுங்கள்.

கேட்கத் தயங்கும் கேள்வி

இனி, நான் பேச மறந்ததைச் சொல்கிறேன்.

ஆலோசனை முடிந்து இருவரும் வெளியே சென்றனர். மனைவி மருந்தகத்தில் வரிசையில் நின்றபோது, கணவர் மட்டும் திரும்பி வந்தார். கதவைச் சாத்தினார். “ஒன்று கேட்க வேண்டும், டாக்டர். நண்பர் ஒருவர் ஒரு மாத்திரை கொடுத்திருக்கிறார். எட்டு மாதமாகப் பயந்துகொண்டு விலகியே இருக்கிறோம். இந்தப் பயணத்தில்…” என்று தொடங்கி, முடிக்காமல் நிறுத்தினார்.

அது சில்டெனாஃபில் மாத்திரை. அவருடைய சட்டைப் பையில், நெஞ்சுவலி வந்தால் நாவின் அடியில் வைத்துக்கொள்வதற்காக நாங்கள் கொடுத்த ஐசோசார்பைடு டைநைட்ரேட் மாத்திரையும் இருந்தது. இவ்விரண்டும் ஒரே நாளில் உடலில் சேர்ந்தால் இரத்த அழுத்தம் திடீரென மிகவும் தாழ்ந்து உயிரிழப்பு நேரலாம். இரண்டுமே இரத்தக் குழாய்களை விரிக்கின்றன. ஒன்றின் விளைவை மற்றொன்று பன்மடங்காக்குகிறது.

அவர் திரும்பி வந்திராவிட்டால்? அந்தக் கேள்வியை நான்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். மாரடைப்புக்குப் பிறகு கணவன் மனைவி உறவைப் பற்றி மருத்துவர்களும் பேசுவதில்லை, நோயாளிகளும் கேட்பதில்லை. அந்த மௌனத்தை நண்பர்களும் மருந்துக்கடைகளும் நிரப்புகின்றனர். எனவே இங்கே வெளிப்படையாக எழுதுகிறேன்.

நோய் கட்டுப்பாட்டில் இருந்து, இரண்டு மாடிப் படிகளை நெஞ்சுவலியின்றி ஏற முடிந்தவர்களுக்குத் தாம்பத்திய உறவு பொதுவாகப் பாதுகாப்பானதே. அதற்குத் தேவைப்படும் உழைப்பு ஏறக்குறைய அவ்வளவுதான். வயிறு நிறைய உண்ட உடனேயும் மது அருந்திய பின்னரும் தவிர்ப்பது நல்லது. இதனால் மாரடைப்பு வந்துவிடும் என்ற அச்சம் கணவனுக்கும் மனைவிக்கும் தனித்தனியே இருக்கும். இருவரும் சேர்ந்து மருத்துவரிடம் கேட்டால் அந்த அச்சம் தீரும்.

மாத்திரை தேவைப்படுகிறதா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். நைட்ரேட் வகை மருந்துகளையோ நிகோராண்டில் மருந்தையோ நாள்தோறும் உட்கொள்பவர்கள் சில்டெனாஃபில், டாடலாஃபில் ஆகியவற்றை ஒருபோதும் உட்கொள்ளக் கூடாது. சில்டெனாஃபில் உட்கொண்டவருக்கு அடுத்த 24 மணி நேரத்துக்கும், டாடலாஃபில் உட்கொண்டவருக்கு 48 மணி நேரத்துக்கும் நைட்ரேட் கொடுக்கக் கூடாது. அந்த நேரத்துக்குள் நெஞ்சுவலி வந்தால், நாவடி மாத்திரையைத் தொடாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். உட்கொண்ட மாத்திரையின் பெயரை வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மனைவிக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். ஏனெனில் கணவர் மயங்கிக் கிடந்தால் சொல்லக்கூடியவர் அவர் ஒருவரே.

அந்த ஐயா மாத்திரையை என் மேசை மீது வைத்தார். மறுவாரம் மனைவியையும் அழைத்துக்கொண்டு வந்தார். நாங்கள் மூவரும் அரை மணி நேரம் பேசினோம். கடைசியில் மாத்திரை எதுவும் தேவைப்படவில்லை. அவர்களுக்குத் தேவைப்பட்டது, “பயப்பட வேண்டாம்” என்ற ஒரு சொல்தான்.

கடலுக்குள் இறங்கலாமா?

கழுத்தளவு நீரில் நின்றாலே கால்களில் உள்ள இரத்தம் நெஞ்சை நோக்கித் தள்ளப்படுகிறது. இதயத்தின் சுமை கூடுகிறது. பத்து மீட்டர் ஆழத்தில் உடலின் மீதான அழுத்தம் தரைமட்டத்தைப் போல் இரு மடங்கு. ஆகவே மாரடைப்பு வந்தவர்கள், தனித் தகுதிச் சான்று பெறாமல் ஸ்கூபா முக்குளிப்பில் ஈடுபடக் கூடாது. படிவத்தில் இதய நோய் உண்டா என்று கேட்கப்படும்போது, “இல்லை” என்று எழுதிவிட்டு இறங்குவோர் தம் உயிரோடு உடன் இறங்கும் பயிற்சியாளரின் உயிரையும் பணயம் வைக்கின்றனர். இன்சுலின் போடுபவர்களுக்கு நீருக்கடியில் தாழ்சர்க்கரை வந்தால், அதை உணரவும் முடியாது. உணர்ந்தாலும் உடனே குளுக்கோஸ் உட்கொள்ள முடியாது. தலைக்கவசம் அணிந்து கடலடியில் நடப்பதும் இவ்வகையில் அடங்கும்.

பவளப் பாறைகளைப் பார்க்கும் ஆசை இருந்தால், அடிப்பாகம் கண்ணாடியாலான படகு இருக்கிறது. அமைதியான கடலில் முழங்காலளவு, இடுப்பளவு நீரில் நிற்பதற்குத் தடை இல்லை. ராதாநகர் கடற்கரையின் மாலைப்பொழுதுக்கு மருத்துவர் அனுமதியே தேவையில்லை.

உடல்நலம் உள்ளவர்கள் முக்குளித்தால், கடைசியாக நீரிலிருந்து எழுந்ததற்கும் விமானம் ஏறுவதற்கும் இடையே குறைந்தது 18 மணி நேரமும், இயன்றால் 24 மணி நேரமும் இடைவெளி இருக்க வேண்டும். ஆழத்தில் அழுத்தத்தால் இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன், விமானத்தின் குறைந்த அழுத்தத்தில் குமிழிகளாக வெளிப்படும்; சோடாப் புட்டியைத் திறந்தது போல. அக்குமிழிகள் மூட்டுகளையும் தண்டுவடத்தையும் மூளையையும் பாதிக்கலாம். ஆகையால் பயணத்தின் கடைசி நாளைக் கடலுக்கு ஒதுக்காதீர்கள்.

பாதம், உணவு, காய்ச்சல்

நீரிழிவால் பாதத்தில் மரத்த தன்மை உள்ளவர்கள், வெறுங்காலுடன் மணலிலும் நீரிலும் நடக்கக் கூடாது. உச்சிவெயிலில் மணல் கால்களைச் சுட்டுவிடும், சுட்டது தெரியாது. பவளத் துண்டு கிழித்தாலும் தெரியாது. நீருக்குள்ளும் அணியும் மூடிய காலணி வாங்குங்கள். இரவில் ஒருவர் பாதத்தை மற்றவர் விளக்கொளியில் பாருங்கள். காயம் இருந்தால் நல்ல நீரில் கழுவி, மருந்திட்டு, அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். மீன் முள்ளோ கடல் முள்ளெலியோ குத்தி வலித்தால், பொறுக்கக்கூடிய சூடுள்ள நீரில் பாதத்தை வைப்பது வலியைத் தணிக்கும். ஆனால் மரத்த பாதத்துக்குச் சூடு தெரியாதாகையால், நீரின் சூட்டைத் துணைவரின் கை சோதிக்க வேண்டும்.

அந்தமானின் சில நீர்நிலைகளிலும் கரைகளிலும் உவர்நீர் முதலைகள் உண்டு. எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில் இறங்கவே கூடாது.

வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த தீவுகளில், வியர்ப்பது தெரியாமலே உடல் நீரை இழக்கும். தாகத்துக்குக் காத்திராமல் நீர் அருந்துங்கள். இதயத் தளர்ச்சிக்காக நீரின் அளவு வரையறுக்கப்பட்டவர்கள், வெப்பநாட்களில் எவ்வளவு அருந்தலாம் என்று கேட்டுச் செல்லுங்கள். இளநீர் நல்லதே; ஆனால் சிறுநீரகக் குறைபாடு உள்ளவர்களுக்கு அதன் பொட்டாசியம் தீங்காகலாம். பவளப் பாறைப் பகுதியில் வாழும் மிகப் பெரிய மீன்களில் சில வேளைகளில் சமைத்தாலும் அழியாத நச்சு இருக்கும். நடுத்தர அளவுள்ள மீன்களைத் தேர்ந்தெடுங்கள்.

கொசுக்கடியால் டெங்கு, மலேரியா ஆகியவையும், தேங்கிய நீரிலும் சேற்றிலும் நடப்பதால் எலிக்காய்ச்சலும் வரலாம். முழுக்கை ஆடையும் கொசுவிரட்டியும் கொசுக்கடியைக் குறைக்கும். திரும்பி வந்த சில வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால், “தீவுக்குச் சென்று வந்தேன்” என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். பாராசிட்டமால் தவிர வேறு வலிநீக்கி மாத்திரைகளை நீங்களாக உட்கொள்ளாதீர்கள். ஸ்டென்ட்டுக்காக உட்கொள்ளும் ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தவும் வேண்டா. உடனே எங்களை அழையுங்கள்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

நெஞ்சில் இறுக்கம், இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, திடீர் வியர்வை, மூச்சுத்திணறல், முகம் கோணுதல், கைகால் வலுவிழத்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் உடனே உதவி கேளுங்கள். இந்தியாவில் 112 என்ற அவசர எண் உண்டு. விடுதியாரிடமும் படகு ஊழியரிடமும் உடனே சொல்லுங்கள். கடைசிப் படகு எப்போது புறப்படுகிறது, மருத்துவ மையம் எங்கே இருக்கிறது என்பவற்றை விடுதியில் நுழைந்த முதல் மணி நேரத்திலேயே கேட்டு வையுங்கள்.

“வாயுத் தொல்லையாக இருக்கும், காலையில் பார்க்கலாம்” என்பதே மிகவும் ஆபத்தான சொல். துணைவரின் விடுமுறை கெட்டுவிடக் கூடாதே என்று வலியை மறைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த அன்பு தவறான இடத்தில் காட்டப்படும் அன்பு. புறப்படுமுன் இருவரும் ஓர் உடன்பாடு செய்துகொள்ளுங்கள்: “எனக்கு ஏதேனும் செய்தால் ஐந்து நிமிடத்துக்குள் உன்னிடம் சொல்வேன்.”

அவர்கள் சென்று வந்தார்கள்

எல்லாரும் கணவருக்காகக் கவலைப்பட்டோம். சிக்கல் மனைவிக்குத்தான் வந்தது.

இரண்டாம் நாள் காலை, சுவராஜ் தீவுக்குப் படகு. அந்த அம்மையார் பழக்கத்தின்படி அறையிலேயே இன்சுலின் போட்டுக்கொண்டு, இட்லியைப் படகில் உண்ணலாம் என்று பொட்டலம் கட்டிக்கொண்டார். படகு ஆடியது. இரண்டு வாய் உண்டதும் வாந்தி. சற்று நேரத்தில் வியர்த்து, கேட்டதற்குத் தொடர்பில்லாத விடை சொன்னார். அருகில் இருந்தோர், கடல் குமட்டல்தான், கண்ணை மூடிப் படுக்கச் சொல்லுங்கள் என்றனர்.

“எல்லாரும் படுக்கச் சொன்னார்கள், டாக்டர். நான் மெஷினை எடுத்தேன்” என்றார் கணவர். குளுக்கோமீட்டர் 48 காட்டியது. தம் கைப்பையில் இருந்த குளுக்கோஸைக் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுத்தார். 15 நிமிடம் கழித்து 82. பிறகு பிஸ்கட். தீவின் கரையில் இறங்கியபோது அம்மையார் தாமே நடந்து சென்றார். படுக்க வைத்திருந்தால், அந்த உறக்கத்திலிருந்து அவர் எழாமலே போயிருக்கலாம்.

திரும்பி வந்த பின்னர் இருவரும் என்னைப் பார்க்க வந்தனர். “முப்பது வருஷத்தில் இவர் எனக்கு ஊசி எடுத்துக் கொடுத்ததுகூட இல்லை. இப்போது தினமும் மெஷினை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வருகிறார்” என்று அம்மையார் குறைபோலச் சொன்னார்.

பயணம் போக எண்ணியிருப்போர், நான்கு வாரங்களுக்கு முன் வாருங்கள். தனியாக வராமல், துணைவரோடு வாருங்கள். கேட்கத் தயங்கும் கேள்வி ஏதேனும் இருந்தால், கதவருகே சென்று திரும்பி வரும் வரை காத்திராமல், அதையே முதலில் கேளுங்கள்.